நேரம் முடிந்ததும் நீலப் பேனாவைக் கொடுங்கள்

வீட்டில் பிள்ளையைக் கொண்டு கணித வினாத்தாள் செய்விக்கும்போது, நேரம் முடிந்தவுடன் தாளைப் பறிக்காதீர்கள். பென்சிலை வாங்கிக்கொண்டு நீலப் பேனாவைக் கொடுத்து, மிச்சத்தை ஆறுதலாகச் செய்யச் சொல்லுங்கள். பிறகு இரண்டு புள்ளிகள் எழுதுங்கள்: பென்சிலில் பெற்றது, மொத்தமாகப் பெற்றது. கொழும்பு வெள்ளவத்தையில் வாங்கும் மாதிரி வினாத்தாள் ஒன்றே இரண்டு சோதனைகளாகிவிடும்.

நேரக் கட்டுப்பாடு, விளக்கத்தையும் வேகத்தையும் ஒரே புள்ளிக்குள் கலந்துவிடுகிறது. 25 × 48 என்று கண்டதும் கெட்டிக்காரப் பிள்ளை, '25 என்பது 100இன் கால்வாசி. 48இன் கால்வாசி 12. ஆகவே 1200' என்று தனக்கென ஒரு வழி தேடும். சரிதானா என்று நீளமாகப் பெருக்கியும் பார்க்கும். எவ்வளவு அழகான மூளை அது! ஆனால் அதற்குள் நேரம் போய்விடுகிறது. மணிக்கூட்டைப் பார்த்துப் பதறினாலோ, இடையில் வரும் எண்களை நினைவில் வைத்திருக்க வேண்டிய இடத்தைப் பயம் பிடித்துக்கொள்கிறது. தெரிந்த கணக்கும் பிழைக்கிறது. நீலத்தில் சரியான விடைகள் நிறைந்திருந்தால், அந்தப் பிள்ளையை மேலதிக வகுப்புக்கு அனுப்பிக் காசைச் செலவழிக்காதீர்கள்.

நீல விடைகளும் பிழைத்தால் குறை நேரத்தில் இல்லை, அந்தப் பாடத்தையே திரும்பச் சொல்லிக்கொடுக்க வேண்டும். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு முந்திய சில வாரங்களில் இந்த நீலப் பேனா முறை வேண்டாம். அப்போது உண்மையான நேரத்துக்கும், சிக்கும் வினாவைத் தாண்டிப் போவதற்கும் பிள்ளை பழக வேண்டும்.