அப்படியானால் 380-ல் என்ன நடந்தது?

ஆதிக் கிறிஸ்தவ நகரங்களைப் பற்றி எழுத வரும் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்துவது என் வேலை. ஆண்டைத் தப்பாக அடிப்பது, பேரரசர் பெயரில் எழுத்தை விடுவது எல்லாம் யாருக்கும் நேரும், அதை விடுங்கள். நான் சூடுபட்ட இடத்திலேயே அவர்களும் கை வைக்கும்போதுதான் பொறுக்கவில்லை.

"ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் 313-ல் கிறிஸ்தவத்தை அரச மதமாக்கினார்"

இந்த ஒரு வரி என் சிறுநூல் ஒன்றைப் பாழாக்கியது. நாற்பது பக்கம், அச்சாகிவிட்டது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அஞ்சலட்டையில் கேட்டிருந்தார்: "313-லேயே ஆகிவிட்டதென்றால் 380-ல் பேரரசர் தியோடோசியஸ் எதற்கு ஆணை போட்டார்?" மீதிப் பிரதிகள் இன்னமும் பரணில் கிடக்கின்றன.

313-ல் மிலானில் சந்தித்த கான்ஸ்டன்டைனும் உடன் ஆண்ட பேரரசர் லிசினியஸும் எல்லா மதத்தாருக்கும் வழிபாட்டு உரிமை தந்தார்கள். கிறிஸ்தவர்களிடம் பறித்த சொத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். அவ்வளவுதான். துன்புறுத்தலை நிறுத்தும் ஆணையைக்கூட 311-லேயே, சாகக் கிடந்த பேரரசர் கலேரியஸ் பிறப்பித்துவிட்டார். கான்ஸ்டன்டைன் ஞானஸ்நானம் பெற்றதே 337-ல், மரணப் படுக்கையில்.

அறுபத்தேழு வருடம்தானே, அதனால் என்ன என்று ஒரு மாணவர் கேட்டார். கிறிஸ்தவத்தை அரச மதமாக்கிய 380-ன் தெசலோனிக்கா ஆணையைப் படிக்கச் சொன்னேன். தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளின் மக்களை விளித்து எழுதிய ஆணை அது. ஆனால் சரியான விசுவாசத்துக்கு அளவுகோலாக அது காட்டுவது ரோமின் ஆயர் தமாசுஸையும் அலெக்சாந்திரியாவின் ஆயர் பேதுருவையும். தலைநகரின் ஆயரோ, இயேசு தந்தைக்குச் சமமல்ல என்ற ஆரியஸின் பக்கம் சாய்ந்தவர், அவர் பெயரே இல்லை. மறு வருடமே தலைநகரில் கூடிய ஆயர்கள் சங்கம், 'இது புது ரோம்' என்று சொல்லி, ரோமுக்கு அடுத்த மரியாதையை அந்நகர ஆயருக்குக் கொடுத்தது. அலெக்சாந்திரியாவுக்கு எப்படி இனிக்கும்? 431-ல் எபேசுவில் அலெக்சாந்திரியாவின் ஆயர் சிரில், தலைநகர ஆயர் நெஸ்டோரியஸைக் கவிழ்த்தார். சண்டை இறையியல் பற்றியதுதான்; ஆனால் நகரப் போட்டியும் அதற்குள் இருந்தது. 313-ல் எல்லாம் முடிந்துவிட்டது என்று எழுதினால் இந்த அரசியலுக்கு இடமே இல்லாமல் போகிறது.

நிசேயாவில் பைபிளைத் தொகுத்தார்கள்

இல்லை. 325-ல் அங்கே ஆயர்கள் கூடியது ஆரியஸ் விவகாரத்துக்கும் ஈஸ்டர் தேதிக்கும்.

பைசாந்தியப் பேரரசு

சொல்லுங்கள், தவறில்லை. ஆனால் அந்தக் கிழக்கு ரோமப் பேரரசின் மக்கள் 1453-ல் கான்ஸ்டான்டிநோபிள் விழும்வரை தங்களை ரோமர் என்றே சொன்னார்கள்.

எந்த அந்தியோகியா, எந்த யூசேபியஸ்?

பவுலைத் துரத்திவிட்டது பிசீதியா அந்தியோகியா. சீடர்களுக்கு முதன்முதல் கிறிஸ்தவர்கள் என்று பெயர் வந்தது சிரியா அந்தியோகியாவில். அதேபோல், கான்ஸ்டன்டைனின் வாழ்க்கையை எழுதியவர் செசரியா யூசேபியஸ். ஞானஸ்நானம் கொடுத்தவர் நிக்கோமீடியா யூசேபியஸ். ஊரை ஒட்டியே எழுதுங்கள். அப்புறம், அந்த 'சிரியா' அந்தியோகியா இன்று துருக்கியில் இருக்கிறது. வரைபடத்தில் சிரியாவுக்குள் தேடி ஒரு மாலைப்பொழுதைத் தொலைத்தவன் நான்.