மன்னாருக்குப் போகிறவர்கள் இரண்டு இரவுகளாவது தங்குங்கள்

தாயகம் வரும் நம்மவர்களில் பலர், திருக்கேதீச்சரத்தில் ஒரு பூசை, மடுமாதாவுக்கு ஒரு நேர்த்தி என்று மன்னாரை அரை நாளில் முடித்துவிடுகிறார்கள். இரண்டும் தவறவிடக் கூடாத தலங்களே. ஆனால் இரண்டும் பெருநிலப்பரப்பில் இருப்பதால், கடலின் குறுக்கே செல்லும் தாம்போதியைக் கடந்து மன்னார்த் தீவுக்குள் கால் வைக்காமலே திரும்புகிறவர்களும் உண்டு. அது பெரிய இழப்பு என்பதால், நகரில் குறைந்தது இரண்டு இரவுகள் தங்கும்படி திட்டமிடுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி வழியாக வரும் ஏ32 வீதி வசதியானது. கொழும்பிலிருந்து தலைமன்னார்ப் புகையிரதத்தில் வர விரும்பினால், சேவை நடைபெறுகிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதத்தில் வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தே மன்னாரில் காணக் கிடைப்பவை அமையும். பிள்ளைகளின் பாடசாலை விடுமுறையை ஒட்டி யூலை, ஆகத்து மாதங்களில் வருகிறவர்கள் சோளகக் காற்றின் (தென்மேற்குப் பருவக்காற்று) நடுவே வந்து இறங்குவார்கள். தலைமன்னார்ப் பக்கத்தில் கைட் சர்பிங் (பட்டத்தின் இழுவையில் கடலில் சறுக்கும் விளையாட்டு) பழகுவோருக்கு அதுவே உகந்த பருவம், ஆகத்து 15ஆம் திகதி மடுத் திருவிழாவும் அப்போதுதான். பறவைகளுக்காக வருகிறவர்களோ மார்கழி, தை மாதங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் பறவைகளுக்காகவே ஒருமுறை வரவேண்டும். 2010இல் ராம்சார் ஈரநிலமாக (சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம்) அறிவிக்கப்பட்ட வங்காலைச் சரணாலயம் தாம்போதியை ஒட்டியே விரிந்து கிடப்பதால், வீதியோரத்தில் நின்றபடியே ஊசிவால் வாத்துகளையும், வந்திருக்கும் காலங்களில் பூநாரைகளையும் பார்க்கலாம். பூநாரை ஆழமற்ற நீரில் கால்களால் சேற்றைக் கலக்கி, அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து இரையை வடித்து உண்பதை அமைதியாக நின்று பார்ப்பதற்கு, சூரியன் ஏறுவதற்கு முன்னரே அங்கே இருப்பது நல்லது. தொலைநோக்கி ஒன்று கைவசம் இருக்கட்டும். கூட்டத்தைக் கலைக்கும் வகையில் ட்ரோன் பறக்கவிடாதீர்கள், அதற்கு முறையான அனுமதியும் தேவை.

நகரின் நுழைவில், போர்த்துக்கேயர் 1560இல் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை இருக்கிறது. பள்ளிமுனையில், அரபு வணிகர் கொண்டுவந்ததாக நம்பப்படும் பெருக்கமரத்தின் (பேயோபாப்) சுற்றளவு சுமார் 19.5 மீற்றர். இரண்டையும் ஒரே மாலையில் பார்த்துவிடலாம்.

தலைமன்னாருக்கு மட்டும் தனியாக அரை நாள் ஒதுக்குங்கள். 1914 முதல் தனுஷ்கோடிக்கும், 1964 புயலில் அந்த ஊர் அழிந்த பின்னர் இராமேசுவரத்துக்கும் இங்கிருந்து கப்பல் ஓடியது. 1980களில் அதுவும் நின்றுபோனது. உங்கள் குடும்பத்து மூத்தவர்களில் எவராவது இந்தத் துறையில் கப்பல் ஏறியிருக்கக்கூடும் என்பதால், புறப்படுவதற்கு முன் அவர்களிடம் கேட்டு வாருங்கள். பழைய இறங்குதுறையையும் வெளிச்சவீட்டையும் பிள்ளைகளுக்குக் காட்டும்போது சொல்வதற்குச் சொந்தக் கதை ஒன்று இருக்கும். அப்பால் உள்ள இராமர் பாலத்து மணல் திட்டுகள் 2015 முதல் கடல்சார் தேசிய பூங்காவாக இருப்பதால், கரையில் எவரோ அழைத்தார் என்று படகில் ஏறிவிடாமல், அனுமதி பெற்ற பயணமா என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

திருக்கேதீச்சரத்துக்கு அவசரமின்றிச் செல்லுங்கள். பாலாவித் தீர்த்தத்தின் கரையிலிருக்கும் இத்தலத்தைச் சம்பந்தரும் சுந்தரரும் பாடியிருக்கிறார்கள். சிவராத்திரியன்று அடியார்கள் பாலாவியில் நீர் மொண்டு வந்து மகாலிங்கத்துக்குத் தம் கையாலேயே வார்ப்பதைக் காண விரும்புவோர், தங்குமிடத்தை மிக முன்னதாகவே பதிவுசெய்ய வேண்டும்.

நேரமிருந்தால் தெற்கே அரிப்புக்குப் போய், முத்துக்குளிப்பைக் கண்காணிக்கவென பிரித்தானிய ஆளுநர் நோர்த் கட்டிய மாளிகையின் எச்சங்களைப் பாருங்கள். கடல் அரிப்பால் சரிந்துகொண்டிருக்கும் மேட்டின் விளிம்புக்குப் பிள்ளைகளை விடாதீர்கள். வடக்கில் மிதிவெடி அகற்றும் பணி இன்னும் முற்றுப்பெறாததால், எங்கு நடந்தாலும் மண்டையோட்டுக் குறியிட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் அதற்கு அப்பால் ஓர் அடியும் வைக்காதீர்கள். பற்றைக்காட்டுக்குள் இறங்குவதற்கு முன் அவ்வூர் மக்களிடம் பாதை கேட்டுக்கொள்ளுங்கள்.