பார்த்தீனியத்துக்கு 2,4-டி: டேங்கில் எதை முதலில் போடுவது?

தரிசிலும் வரப்பிலும் மண்டும் பார்த்தீனியத்துக்கு 2,4-டி சோடியம் உப்பு என்ற களைக்கொல்லியை அடித்தும் பாதிச் செடி பிழைத்துக்கொண்டால், மருந்தைக் கூட்டாதீர்கள். தண்ணீரையும் இலையையும் பாருங்கள்.

ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச்சத்து 2,4-டியைப் பிடித்துக்கொள்ளும். அப்படிக் கட்டுண்ட மருந்து இலைக்குள் எளிதில் இறங்காது. இதை அமோனியம் சல்பேட் உரம் தடுக்கும். அதிலுள்ள சல்பேட் சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ள, மருந்து அம்மோனியத்தோடு சேர்ந்து உள்ளே போகும். யூரியாவில் சல்பேட் கிடையாது, அதனால் அது இதற்கு மாற்றாகாது. இலையின் சிக்கல் வேறு. பார்த்தீனிய இலையில் மெல்லிய ரோமம் உண்டு. துளி அதன் மேல் முத்தாக நின்று உருண்டுவிடும். அதைப் படர வைப்பது சோப்புக் கரைசல் போன்ற ஒட்டும் திரவம்.

10 லிட்டர் டேங்குக்கு: அமோனியம் சல்பேட் 200 கிராம், 2,4-டி சோடியம் உப்பு 80 சதத் தூள் 80 கிராம், சோப்புக் கரைசல் 20 மில்லி. பயிர் இல்லாத இடத்துக்கான அளவு இது. பயிருக்குள் அடிப்பதென்றால் லேபிளில் உள்ளதே அளவு.

முதலில் அமோனியம் சல்பேட்டை ஒரு வாளித் தண்ணீரில் முழுக்கக் கரைத்துத் துணியில் வடிகட்டி டேங்கில் ஊற்றுங்கள். கசடு நாசிலை அடைக்கும். அடுத்து, தனியே கரைத்த 2,4-டி. மீதித் தண்ணீரை நிரப்பிவிட்டு, கடைசியாகச் சோப்பு. முன்னால் ஊற்றினால் டேங்க் முழுக்க நுரைதான். உப்புத் தண்ணீரில் சோப்பு தயிர்போலத் திரியும். வாளியில் கொஞ்சம் கலந்து பாருங்கள். திரிந்தால் சோப்பை விட்டுவிட்டு, கடையில் கிடைக்கும், உப்புத் தண்ணீரிலும் திரியாத அயனியற்ற (non-ionic) ஒட்டும் திரவத்தை அதன் லேபிள் அளவில் சேருங்கள். கூடுதலாக ஊற்றுவதில் லாபமில்லை: கரைசல் இலையிலிருந்து வழிந்து மண்ணுக்குப் போய்விடும்.

பூக்கும் முன், செடி தரையோடு படர்ந்திருக்கும்போதே அடியுங்கள். பனி காய்ந்திருக்க வேண்டும், காற்று அடங்கியிருக்க வேண்டும், ஆறு மணி நேரத்துக்கு மழை வரக்கூடாது. வாடிக் கிடக்கும் செடிக்கு எதைச் சேர்த்தாலும் வீண். விசிறி நாசிலே போதும்; கையுறை கட்டாயம், இந்தச் செடி பட்டாலே தோல் அரிக்கும்.

பக்கத்தில் பருத்தி, தக்காளி, கத்தரி, திராட்சை இருந்தால் அந்தப் பக்கம் அடிக்கவே வேண்டாம். காற்றில் போகும் சிறு துளியே பருத்தி இலையைச் சுருட்டிவிடும். வேலை முடிந்ததும் டேங்க், குழாய், நாசில் எல்லாவற்றையும் பலமுறை கழுவுங்கள்; அமோனியம் சல்பேட் உலோகத்தை அரிக்கும். கழுவினாலும் அந்தத் தெளிப்பானைப் பூச்சிமருந்துக்கு எடுக்காதீர்கள். களைக்கொல்லிக்குத் தனித் தெளிப்பானே வைத்துக்கொள்ளுங்கள்.