சாரதி இல்லாத ரக்ஸியில் ஏறுவதற்கு முன்

அமெரிக்காவுக்குக் குடிபெயரும் எங்கள் பிள்ளைகள், சாரதி அனுமதிப்பத்திரம் கிடைக்கும் வரை, கடைக்குப் போவதற்குக்கூட இன்னொருவரின் ஓய்வு நேரத்தைப் பார்த்திருக்க வேண்டியுள்ளது. பீனிக்ஸ், சான் பிரான்சிஸ்கோ, லொஸ் ஏஞ்சல்ஸ் போன்ற நகரங்களில் சாரதியே இல்லாமல் ஓடும், வேமோ என்ற நிறுவனத்தின் ரக்ஸிகள் அந்தக் குறையை ஓரளவு தீர்க்கின்றன. பீனிக்ஸில் 2020இலும் சான் பிரான்சிஸ்கோவில் 2024 ஜூனிலும் இச்சேவை எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. லண்டனிலும் தொடங்கப்போவதாக 2025 ஒக்டோபரில் அறிவித்தார்கள். மகள் வீட்டில் தங்கியிருந்தபோது இதில் பலமுறை போய்வந்தவன் என்ற முறையில், இப்போது யாழ்ப்பாணத்தில் பயணப்பெட்டி அடுக்கிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இங்கே ஓட்டோவில் ஏறியபின், "கோயிலடியால திரும்பி மூண்டாவது படலையில விடுங்கோ" என்று சொன்னால் போதும். அங்கே சொல்வதற்கு ஆளில்லை. ஏறும் இடத்தையும் இறங்கும் இடத்தையும் கைபேசியிலுள்ள வேமோ செயலியின் வரைபடத்தில் முன்கூட்டியே சரியாகக் குறித்துவிட வேண்டும். அப்படிக் குறித்தாலும், பாதுகாப்பாக நிற்க இடமுள்ள ஓரத்திலேயே கார் நிற்கும் என்பதால், முழங்கால் வலியுள்ள பெற்றோரை அழைத்துச் செல்பவர்கள் சிறிது தூரம் நடக்கவும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

ஒரே மாதிரியான வெள்ளை ஜாகுவார்கள் வரிசையாக நிற்கும்போது, உங்களுடையதைக் கூரைமீதுள்ள சிறு திரையில் ஒளிரும், உங்கள் பெயரின் முதலெழுத்துகள் இரண்டைக் கொண்டே அடையாளம் காண வேண்டும். தந்தை பெயர் முன்னும் பின்னுமாகப் பதிவாகிவிடும் எங்களுக்கு இது சிக்கல். செயலியில் அந்த எழுத்துகளை நீங்களே மாற்றிக்கொள்ளலாம். நான் மாற்றாமல் விட்டதால், ஓர் இரவு வேறொருவரின் காரில், கதவோடு கதவாக மடிந்திருந்த கைபிடியை நகத்தால் கிளறிக்கொண்டு நின்றேன். உள்ளே இருந்தவர்கள் என்னைத் திருடன் என்று நினைத்திருப்பார்கள்.

சாரதி ஆசனத்தைத் தவிர மற்ற நான்கிலும் அமரலாம். ஆசனப்பட்டியை மாட்டி, தொடங்கும் பொத்தானை அழுத்தினால் ஸ்டியரிங் தானாகவே சுழலத் தொடங்கும். முதல் தடவை அடிவயிறு கலங்கத்தான் செய்யும். ஏதாவது நேர்ந்தால் உதவிப் பொத்தானை அழுத்தி மனிதர் ஒருவருடன் பேசலாம். கட்டணம் ஏறுமுன்பே தெரிந்துவிடும். நெரிசல் வேளையில் கூடும், ஆனால் டிப்ஸ் இல்லை. கலிபோர்னியாவில் 8 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குரிய ஆசனத்தை நீங்களே கொண்டுபோக வேண்டும்.

இக்கார்களைப் பலரும் பகிர்ந்துகொள்கிறார்கள் என்றாலும், அது ஒருவர் இறங்கியபின் இன்னொருவர் ஏறும் பகிர்வுதான். பருத்தித்துறை போகும் 750ஆம் இலக்க மினிபஸ்ஸில் நாங்கள் நெருக்கியடித்துப் போவதைப் போன்றதன்று. ஒரே திசையில் போகும் மூன்று நான்கு பேரை ஒன்றாக ஏற்றினால் கட்டணமும் குறையும், வெறுமனே ஓடும் கார்களும் குறையும் என்பது என் எண்ணம். பலரையும் ஒன்றாக ஏற்றிப்போகும் எங்கள் தட்டிவான்காரர்களுக்கு இது தெரியாத கணக்கன்று.

இறங்கும்போது ஆசனத்தை ஒருமுறை தடவிப் பாருங்கள். மறந்துவிட்ட பையை எடுத்துவைத்துத் தர முன்னால் யாருமில்லை. சில நிமிடங்களில் அங்கே வேறொருவர் அமர்ந்திருப்பார்.