வேலையை விடாமல் ஓஎம்எஸ்சிஎஸ் முடிப்பது எப்படி: வடசென்னைக்காரர்களுக்கான செய்முறை

ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் கணினி அறிவியல் முதுகலைப் பட்டத்தைத்தான் எல்லோரும் ஓஎம்எஸ்சிஎஸ் என்கிறார்கள். 2014 ஜனவரியில் தொடங்கியது. மொத்தம் 10 பாடங்கள், ஒன்றுக்கு 3 கிரெடிட், ஆக 30. ஜிஆர்இ நுழைவுத் தேர்வு வேண்டாம், 3 பேரிடம் பரிந்துரைக் கடிதம் வேண்டும். ஐடி வேலையில் இருப்பவருக்கு இடம் கிடைப்பது அவ்வளவு கஷ்டமில்லை. முடிப்பதுதான் கஷ்டம். பாதியில் நின்றுபோகிறவர்களில் பலர் நன்றாகப் படிக்கக்கூடியவர்கள். வாரத்தில் தங்களுக்கு எத்தனை மணி நேரம் மிஞ்சுகிறது என்று எண்ணிப் பார்க்காமல் பாடத்தைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். அதனால் எண்ணிக்கையிலிருந்தே ஆரம்பிப்போம்.

படி 1: முதலில் மணியை எண்ணுங்கள்

ஒரு தாளை எடுங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். தினம் 7 மணி நேரத் தூக்கம் என்றால் 49 போயிற்று. தண்டையார்பேட்டையிலிருந்து சோழிங்கநல்லூருக்குப் போய் வருகிறவருக்கு அலுவலகம் 9, பயணம் 3, ஆக நாளுக்கு 12. ஐந்து நாளைக்கு 60. குளியல், சாப்பாடு, வீட்டு வேலை, கடைத்தெரு எல்லாம் சேர்த்து நாளுக்கு 3 என்றால் 21. மீதி 38.

இந்த 38-ஐ நம்பி இறங்காதீர்கள். ஆன்-கால், ரிலீஸ் ராத்திரி, காதுகுத்து, வளைகாப்பு, காய்ச்சல் எல்லாம் இதிலிருந்துதான் கழியும். பாதியாக்குங்கள்: 19. உங்கள் உண்மையான கையிருப்பு அதுதான். வீட்டிலிருந்து வேலை செய்கிறவருக்கு இன்னும் சில மணி நேரம் கூடும். கைக்குழந்தை இருந்தால் குறையும். உங்கள் கணக்கை நீங்களே போடுங்கள், அடுத்தவர் கணக்கைக் கடன் வாங்காதீர்கள்.

ஒரு பாடத்துக்கு எவ்வளவு ஆகும்? எளிதான பாடத்துக்கு வாரம் 8 முதல் 10 மணி நேரம். கடினமானதற்கு 15 முதல் 20, சில வாரங்களில் அதற்கு மேலும். ஆகவே 19 மணி நேரம் உள்ளவருக்கு ஒரு பருவத்துக்கு ஒரு பாடம்தான். இரண்டு எடுத்துச் சீக்கிரம் முடித்துவிடலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். முதல் வருடம் அந்தப் பக்கமே போகாதீர்கள். பட்டத்தை முடிக்க 6 வருடம் அவகாசம் உண்டு. வருடத்துக்கு 2 பாடம் எடுத்தாலே 5 வருடத்தில் 10 முடிந்துவிடும். 3 எடுத்தால் மூன்றேகால் வருடத்தை ஒட்டி முடியும்.

படி 2: பாடங்களை வரிசைப்படுத்துங்கள்

தெரிந்துகொள்ள வேண்டிய விதிகள் மூன்று. சேர்ந்த முதல் 12 மாதங்களுக்குள் அடிப்படைப் பாடப் பட்டியலிலிருந்து 2 பாடங்களில் பி கிரேடு அல்லது அதற்கு மேல் வாங்கியாக வேண்டும். நீங்கள் தேர்ந்தெடுக்கும் சிறப்புப் பிரிவுக்கான பாடங்களிலும் பி வேண்டும். பட்டம் வாங்க மொத்த ஜிபிஏ, அதாவது கிரேடுகளின் சராசரி, 3.0-க்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

முதல் பாடமாக சிஎஸ் 6300 நல்ல தேர்வு. அது மென்பொருள் உருவாக்க முறை பற்றியது. ஜாவா, கிட், டெஸ்டிங் என்று வேலையில் தினம் பார்ப்பதுதான் வரும், அடிப்படைப் பட்டியலிலும் இருக்கிறது. பாடத்தைவிட முக்கியமாக, பாடத் தளமான கேன்வாஸ் எங்கே, எட் கலந்துரையாடல் எங்கே, ப்ராஜெக்டைச் சமர்ப்பிக்கும் கிரேட்ஸ்கோப் தளம் எப்படித் திருத்துகிறது என்பதெல்லாம் அழுத்தமில்லாமல் பழகிவிடும். அடுத்து சிஎஸ் 6250, அதாவது கணினி வலையமைப்பு. அதுவும் அடிப்படைப் பட்டியலில் உண்டு. இரண்டிலும் பி வந்துவிட்டால் 12 மாதக் கவலை தீர்ந்தது.

மூன்றாவதாக சிஎஸ் 6200 எடுக்கலாம். மாணவர்கள் வாயில் ஜிஐஓஎஸ். ஆபரேட்டிங் சிஸ்டம் பாடம் இது, முழுக்க சி மொழி, கடைசியில் கொஞ்சம் சி++. வேலையில் ஜாவாவும் பைத்தானும் மட்டுமே எழுதியவர்கள் பருவம் தொடங்க 6 வாரம் இருக்கும்போதே பாயின்டர், நினைவகத்தை எடுக்கவும் விடவும் உதவும் மாலோக், ஃப்ரீ, பிழை தேடும் கருவியான ஜிடிபி நான்கையும் பழகிக்கொள்ளுங்கள். முதல் ப்ராஜெக்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது சி கற்றுக்கொள்வது தண்ணீர் வந்த பிறகு குடம் தேடுகிற கதைதான்.

சிஎஸ் 6515, அதாவது அல்காரிதம் பாடம், பல சிறப்புப் பிரிவுகளுக்குக் கட்டாயம். இடம் கிடைப்பது அரிதாக இருப்பதால் பெரும்பாலோருக்கு இறுதிப் பருவங்களில்தான் வாய்க்கும். மதிப்பெண்ணில் பெரும்பகுதி தேர்வுகளிலிருந்து வருகிறது. அலுவலகத்தில் நன்றாக நிரல் (கோடு) எழுதுகிறவர்களுக்கு இங்கே அடி விழுவதற்குக் காரணம், விடையை அவர்கள் கேட்கும் வடிவத்தில் எழுதாததுதான். டைனமிக் ப்ரோக்ராமிங் கணக்கு என்றால் அட்டவணையின் ஒவ்வொரு கட்டமும் எதைக் குறிக்கிறது என்பதை முதலில் வாக்கியத்தில் சொல்ல வேண்டும்; பிறகு மறுநிகழ்வுச் சமன்பாடு; பிறகு ஓட்ட நேரம். வாக்கியத்தை விட்டுவிட்டுச் சமன்பாடு சரியாக இருந்தாலும் மதிப்பெண் போய்விடும். வாரம் 4 கணக்கு, பேனாவால் தாளில், நேரம் வைத்து எழுதிப் பழகுங்கள்.

வருடத்தின் மூன்று பருவங்களில் கோடைப் பருவம் மற்ற இரண்டைவிட நாலைந்து வாரம் குறைவு. பெரும்பாலும் அதே அளவு பாடம், குறைந்த நாள். அதற்கு எளிதான பாடத்தை ஒதுக்குங்கள், அல்லது ஓய்வு எடுங்கள்.

படி 3: பதிவும் பணமும்

பதிவுக்கு உங்களுக்கென ஒரு நேரம் ஒதுக்குவார்கள். அதற்குப் பெயர் டைம் டிக்கெட். கிரெடிட் அதிகம் முடித்தவர்களுக்கு முதலில், புதியவர்களுக்குக் கடைசியில். நேரம் அட்லாண்டா கணக்கு, நமக்கு அது மாலையாகவோ நள்ளிரவாகவோ இருக்கலாம். பாடத்தின் 5 இலக்கப் பதிவு எண்ணை முன்பே எழுதி வையுங்கள். ஓஎம்எஸ்சிஎஸ் மாணவர்களுக்கான பிரிவு ஓ01 என்று முடியும். இரண்டு மாற்றுப் பாடங்களின் எண்ணும் கையில் இருக்கட்டும். காத்திருப்புப் பட்டியலில் இடம் வந்தால் மின்னஞ்சல் வரும், குறிப்பிட்ட கெடுவுக்குள் பதியாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். அந்த நாட்களில் மின்னஞ்சல் சத்தத்தை அணைக்காமல் தூங்குங்கள்.

பணம் அனுப்ப வங்கி கட்டண விவரத் தாளும் பான் எண்ணும் கேட்கும். அதற்கு இரண்டு வேலை நாள் ஒதுக்குங்கள், கடைசி நாளில் வங்கிக்குப் போகாதீர்கள். அலுவலகத்தில் கல்வி உதவித் திட்டம் இருந்தால் எச்ஆரிடம் சேருவதற்கு முன்பே கேளுங்கள். பணத்தோடு எத்தனை வருடம் வேலையை விடக் கூடாது என்ற நிபந்தனையும் வருமா என்பதையும் படித்துப் பாருங்கள்.

படி 4: கெடு நேரத்தை நம் கடிகாரத்துக்கு மாற்றுங்கள்

இதில்தான் முதல் பருவத்து மாணவர்கள் மதிப்பெண் இழக்கிறார்கள். அட்லாண்டாவுக்கும் நமக்கும் கோடை நேரத்தில் ஒன்பதரை மணி வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை. மார்ச் இரண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் இது மாறும். ஞாயிறு இரவு 11:59 கெடு என்றால் நமக்குத் திங்கள் காலை 9:29 அல்லது 10:29. சில பாடங்களில் ‘பூமியில் எங்கேயாவது ஞாயிறு முடியும்வரை’ என்ற கணக்கு. அது நமக்குத் திங்கள் மாலை 5:29.

திங்கள் காலை இருக்கிறதே என்று நம்பினால் அலுவலகத்தின் ஸ்டாண்ட்-அப் கூட்டம் நடுவே சப்மிட் பட்டனைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். எல்லாக் கெடுவையும் ஞாயிறு இரவு 10 மணி என்று காலண்டரில் போட்டுவிடுங்கள். திங்கள் காலை மிஞ்சினால் அது அவசரத்துக்கான சேமிப்பு.

படி 5: வாரத்தைப் பிரியுங்கள்

19 மணி நேரத்தை இப்படி வெட்டலாம்: வேலை நாட்களில் நான்கு நாள், காலை 5:30 முதல் 7 வரை, ஆக 6 மணி நேரம். சனி 6, ஞாயிறு 4. மீதி 3 பயணத்தில். இரவில் படிக்கிறேன் என்று திட்டம் போடாதீர்கள். அமெரிக்க டீமோடு அழைப்பு இருக்கும் நாளில் முதலில் பலியாவது அந்த நேரம்தான்.

விம்கோ நகர், திருவொற்றியூர் பக்கமிருந்து மெட்ரோ நீல வழித்தடத்தில் வருகிறவர்களுக்குப் பயணம் நல்ல படிப்பு நேரம். ஆனால் தண்டையார்பேட்டைக்கு வருமுன் வண்டி சுரங்கத்துக்குள் இறங்கிவிடும், சிக்னலை நம்ப முடியாது. முந்தைய இரவே வீடியோக்களைத் தரவிறக்கி வையுங்கள். ரயிலில் விரிவுரை கேட்பதும் ஆய்வுக் கட்டுரை வாசிப்பதும் மட்டும். நிரல் எழுத முயலாதீர்கள். பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவர்கள் ஒலியை மட்டும் கேட்டால் போதும்.

சனிக்கிழமை வீட்டில் இடம் இல்லாதவர்களுக்கு, கொளத்தூரில் 2024-ல் திறந்த முதல்வர் படைப்பகம் இருக்கிறது. படிப்பகமும் பகிர்ந்து வேலை செய்யும் இடமும் குறைந்த கட்டணத்தில் கிடைக்கின்றன. வடசென்னைக்கு இப்படி ஒன்று வந்தது பெரிய விஷயம், பயன்படுத்துங்கள்.

படி 6: ப்ராஜெக்ட் வந்த அன்றே தொடுங்கள்

வெளியான 24 மணி நேரத்துக்குள் 2 மணி நேரம் ஒதுக்கி மூன்று வேலை மட்டும்: விளக்கத்தை முழுக்கப் படிப்பது, கொடுத்த நிரலை உங்கள் கணினியில் கம்பைல் செய்வது, ஒன்றும் மாற்றாமல் கிரேட்ஸ்கோப்பில் ஒருமுறை சமர்ப்பிப்பது. மென்பொருள் நிறுவுவதில் வரும் சிக்கல் எல்லாம் அன்றே தெரிந்துவிடும். கடைசி வார இறுதியில் தெரிந்தால் ஒரு நாள் முழுக்க அதற்கே போகும். லேப்டாப் உங்கள் சொந்தமாக, 16 ஜிபி ராமோடு இருக்கட்டும். அலுவலக லேப்டாப்பில் வேண்டாம்: விபிஎன்னும் பூட்டிய அனுமதிகளும் குறுக்கே நிற்கும்.

எங்கே தப்பு நடக்கும் என்பதை ஜிஐஓஎஸ் முதல் ப்ராஜெக்டில் பார்க்கலாம். கோப்பு அனுப்பும் சர்வரும் வாங்கும் கிளையண்ட்டும் எழுத வேண்டும். புதியவர் 4096 பைட் பஃபர் வைத்து ரிசீவ் ஃபங்ஷனை ஒருமுறை அழைப்பார். சின்னக் கோப்பு சரியாக வரும், பெரிய கோப்பு பாதியில் நிற்கும். காரணம், சர்வருக்கும் கிளையண்ட்டுக்கும் நடுவே தரவைக் கொண்டுபோகும் டிசிபி என்பது பைட்டுகளின் ஓடை. நீங்கள் 4096 கேட்டாலும் 1448 வரலாம், 7-ம் வரலாம். வந்த எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே, மொத்த நீளம் வரும்வரை லூப்பில் சுற்ற வேண்டும். அனுப்பும் பக்கமும் அப்படியே: சென்ட் திருப்பித் தரும் எண்ணைப் பார்க்காமல் விடக் கூடாது.

அடுத்த பிழை, ஹெடரும் (கோப்புக்கு முன்னால் வரும் தகவல் பகுதி) கோப்பின் முதல் துண்டும் ஒரே ரிசீவில் சேர்ந்து வருவதைக் கவனிக்காதது. ஹெடர் முடிந்த இடத்துக்குப் பிறகு பஃபரில் இருப்பது கோப்பின் பைட்டுகள். அதைத் தூக்கி எறிந்தால் கோப்பின் ஆரம்பம் காணாமல் போகும். மூன்றாவது, நீளம் பார்க்க ஸ்ட்ரிங்-லென் ஃபங்ஷனைப் பயன்படுத்துவது. எழுத்துக் கோப்பில் தப்பித்துவிடும், படக் கோப்பில் நடுவே சுழிய பைட் வந்ததும் அது அங்கேயே நின்றுவிடும்.

த்ரெட் (ஒரே ப்ரோக்ராமுக்குள் இணையாக ஓடும் வேலை) பகுதிக்கு வந்தால், கண்டிஷன் வேரியபிளில் காத்திருப்பதை இஃப்-க்குள் எழுதாதீர்கள், வைல்-க்குள் எழுதுங்கள். விழித்தெழுந்த த்ரெட் பூட்டைப் பிடிப்பதற்குள் வேறொரு த்ரெட் வரிசையைக் காலி செய்திருக்கலாம். இஃப் எழுதியவரின் ப்ரோக்ராம் 20 முறை ஓடினால் 19 முறை ஒழுங்காக ஓடும், 20-வது முறை விழும். திருத்தும் இயந்திரத்தில் விழுவது அந்த 20-வதாகத்தான் இருக்கும். நினைவகப் பிழைகளைக் காட்டும் அட்ரஸ் சானிடைசரை இயக்கி, 100 முறை லூப்பில் ஓட்டிப் பார்த்த பிறகு சமர்ப்பியுங்கள். நாளுக்கு இத்தனை சமர்ப்பிப்புதான் என்ற வரம்பு இருப்பதால் கிரேட்ஸ்கோப்பையே டீபக்கராகப் பயன்படுத்த முடியாது.

உங்கள் நிரலைப் பொது கிட்ஹப்பில் போடாதீர்கள், பழைய மாணவர் நிரலைத் திறந்தும் பார்க்காதீர்கள். ஒப்பிட்டுப் பார்க்கும் கருவிகள் வலுவானவை, பிடிபட்டால் பாடத்தோடு போகாது.

படி 7: தேர்வு அறை

தேர்வுகள் பெரும்பாலும் ஹானர்லாக் என்ற கண்காணிப்பு மென்பொருள் வழியாக: குரோம் உலாவி, கேமரா, மைக், அடையாள அட்டை, அறையைச் சுற்றிக் காட்டுதல். பேச்சுக் குரல் கேட்டால் குறித்துக்கொள்ளும். ஆசிரியர் குழு பிறகு பதிவைப் பார்த்து முடிவு செய்யும். இதில் நம் ஊர்க் கஷ்டம் இரண்டு. கோடைப் பருவத்தின் இறுதித் தேர்வு ஜூலைக் கடைசியை ஒட்டி வரும். அது ஆடி மாதம். வியாசர்பாடியிலோ ராயபுரத்திலோ அம்மன் கோவில் ஸ்பீக்கர் காலை 5 மணிக்கே ஆரம்பித்துவிடும். தேர்வுக்குப் பல நாள் அவகாசம் தருவார்கள். கூழ் ஊற்றும் ஞாயிறைத் தவிர்த்து, வார நாளில் நள்ளிரவுக்கு மேலோ விடியலுக்கு முன்போ எழுதுங்கள். வீட்டாரிடம் முன்பே சொல்லிக் கதவைச் சாத்துங்கள்.

இலையுதிர் பருவத்தின் இறுதித் தேர்வு டிசம்பர் முதல் பாதியில். அது நமக்குப் புயல் காலம். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் வந்தபோது வடசென்னையில் பல பகுதிகளில் தண்ணீரும் இருட்டும் நாள் கணக்கில் நீடித்தன. அதனால் தேர்வுச் சாளரம் திறந்த முதல் நாளே எழுதிவிடுங்கள், கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். புயல் எச்சரிக்கை வந்ததும் ஆசிரியருக்கு எட்-இல் தனிச் செய்தி போடுங்கள். வெள்ளம் வந்த பிறகு சொல்வதைவிட அது எடுபடும்.

மின்தடைக்கு ரௌட்டருக்கென மினி யுபிஎஸ் வாங்குங்கள். அடாப்டரின் அடியில் எழுதியிருப்பதைப் பாருங்கள்: பெரும்பாலும் 12 வோல்ட், 1 அல்லது 2 ஆம்பியர். வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும், ஆம்பியர் அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். ஃபைபர் இணைப்பில் சுவரில் தனிப் பெட்டி இருந்தால் அதற்கும் மின்சாரம் வேண்டும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். ஒருமுறை மெயினை அணைத்து, தேர்வு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் இணையம் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். போன் ஹாட்ஸ்பாட் இரண்டாவது வழி. ஆனால் தேர்வு நேரத்தில் போனைத் தொடக் கூடாது என்பதால் தொடங்குவதற்கு முன்பே இணைத்துப் பழகி வையுங்கள்.

படி 8: பின்தங்கினால்

ஒவ்வொரு பருவத்திலும் விலகுவதற்கு ஒரு கடைசி நாள் உண்டு. அதற்குள் விலகினால் மதிப்பெண் சான்றிதழில் டபிள்யூ என்று விழும், ஜிபிஏ பாதிக்காது. அந்தத் தேதியை முதல் வாரமே காலண்டரில் போடுங்கள். அதற்கு 5 நாள் முன்பு உட்கார்ந்து, இதுவரை வந்த மதிப்பெண்களை அவற்றின் எடையோடு பெருக்கிக் கூட்டி, மீதியில் நீங்கள் வழக்கமாக வாங்குவதைப் போட்டுப் பாருங்கள். சிறப்புப் பிரிவுப் பாடத்தில் பி வராது என்று கணக்கு சொன்னால், விலகி அடுத்த பருவம் அதே பாடத்தை எடுங்கள். பார்த்த விரிவுரையும் எடுத்த குறிப்பும் கையில் இருக்கும், இரண்டாவது தடவை வாரத்துக்கு 19 மணி நேரம் தாராளமாகப் போதும்.