கறுப்புச் சுருட்டு கசக்கிறதா? இழுக்கும் விதத்தைப் பாருங்கள்

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் என் பெரியப்பா நாட்டுச் சுருட்டுக்காரர். நுனியைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு, பீடி மாதிரி விடாமல் இழுப்பார். உறவுக்காரர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கறுத்த ‘மதூரோ’ சுருட்டையும் அப்படியே இழுத்தார். “வேப்பங்காயாட்டம் இருக்குதுடா” என்று பாதியிலேயே வைத்துவிட்டார். அந்தக் கசப்பில் பெரும்பங்கு இழுத்த வேகத்தால் வந்தது என்று எனக்குப் புரியப் பல வருடம் ஆயிற்று.

முதல் தவறு நிறத்தைப் பார்த்தே காரத்தைத் தீர்மானிப்பது. மதூரோ என்றால் ஸ்பானிய மொழியில் ‘பழுத்தது’. தடித்த இலையை அம்பாரமாகக் குவித்து, அதன் சொந்தச் சூட்டிலேயே நெடுநாள் புளிக்கவிடுவதால்தான் வெளியே சுற்றும் மேலிலைக்கு அந்தக் கருமை வருகிறது. அமெரிக்காவின் கனெக்டிகட் பிராட்லீஃப், மெக்சிகோவின் சான் ஆந்த்ரேஸ் இலைகள் இதற்குப் பேர்போனவை. தலையைக் கிறுகிறுக்க வைக்கும் காரம் பெரும்பாலும் உள்ளே வைத்த இலையைப் பொறுத்தது. செடியின் உச்சியில் வெயில் குடித்து வளர்ந்த ‘லிஹேரோ’ இலை எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதுதான் கணக்கு. அதனால் சுவை பார்த்துக் குறிப்பு எழுதும்போது காரத்தையும் சுவையையும் தனித்தனியாக எழுதுங்கள்.

எங்கள் பக்கத்துக் காற்று இன்னொரு சிக்கல். ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழையில் சுருட்டு ஈரம் குடித்து ஊதிவிடும், பூசணமும் பிடிக்கும். மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய் வழியே அடிக்கும் வறண்ட காற்றில் மேலிலை வெடிக்கும். காற்று புகாத டப்பாவில் 65 முதல் 70 சதவீத ஈரப்பதம் இருந்தால் போதும். சும்மா ஃபிரிட்ஜில் திணித்தால் காய்ந்து, குழம்பு வாசனையும் ஏறிக்கொள்ளும். மேலிலையில் ஊசி குத்தியதுபோல் துளை தெரிந்தால் புகையிலை வண்டு வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தச் சுருட்டை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள்.

காற்றடிக்கும் திண்ணையில் உட்கார்ந்து சுவை பார்க்கவும் கூடாது. ஒரு பக்கம் மட்டும் வேகமாக எரிந்து, புகை சூடேறிக் கசக்கும். அதற்காக டீக்கடை வாசலுக்கும் போகாதீர்கள். பொது இடத்தில் புகைப்பதை 1999-லேயே கேரள உயர் நீதிமன்றம் தடுத்துவிட்டது. பக்கத்தில் இருப்பவர் மூச்சையும் நினைக்க வேண்டும்.

நான் அதிகம் பார்க்கும் தவறு அவசரம். தடித்த, எண்ணெய்ப் பசையுள்ள இந்த மேலிலை மெதுவாகத்தான் எரியும். அணையப்போகிறதே என்று பயந்து அடுத்தடுத்து இழுத்தால் உள்ளே சூடு ஏறும்; இலையில் இருக்கும் கருப்பட்டி இனிப்பு கருகிய பாகாகிவிடும். நிமிடத்துக்கு ஓர் இழுப்பு போதும். ஓரம் கோணலாக எரிந்தால், பின்தங்கிய இடத்தில் மட்டும் தீக்குச்சியைக் காட்டுங்கள். பற்றவைக்கும்போதும் சுடரை நேரே முட்டவிடாமல், சற்றுத் தள்ளிப் பிடித்து நுனியைச் சுற்றிலும் வாட்டிய பிறகே இழுக்க வேண்டும். பெட்ரோல் லைட்டர் வேண்டாம், அந்த நாற்றம் சுருட்டிலேயே தங்கிவிடும். வாயில் வைக்கும் தலைப்பக்கத்தைக் கத்தரிக்கும்போது, அதை மூடியிருக்கும் இலைத் தொப்பியில் இரண்டு மில்லிமீட்டர் எடுத்தால் போதும். ஆழமாக வெட்டினால் மேலிலை பிரிந்துவரும்.

வெற்றிலை பாக்கு போட்ட வாயோடு எதையும் மதிப்பிட முடியாது. பாக்கின் துவர்ப்பு எல்லாவற்றையும் மூடிவிடும். பூண்டு ரசம் குடித்த கையோடும் வேண்டாம். வெறும் வயிறு அதைவிட மோசம், குமட்டும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து உட்காருங்கள், பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும்.

புகையை நெஞ்சுக்குள் இழுக்காமல் வாயில் நிறுத்தி, கொஞ்சத்தை மட்டும் மூக்கு வழியே விட்டால் மிளகு, வறுத்த காப்பிக்கொட்டை, மழை நனைத்த மண் என்று ஒவ்வொன்றாகத் தெரியும். தெரிந்ததை நம் நாக்கு அறிந்த சொல்லில் எழுதுங்கள்; அத்திப்பழம் தின்று பழகாதவர் அத்திப்பழம் என்று எழுதுவதில் பயனில்லை. ஒன்று சொல்லியே ஆக வேண்டும்: நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் நிக்கோட்டின் வாய்த்தோல் வழியே ஏறும், வாய்ப் புற்றுநோய் ஆபத்தும் அப்படியே இருக்கிறது. பழக்கமில்லாதவர்கள் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டாம்.

முதல் ஓர் அங்குலத்தை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். சுருட்டை மூன்று பங்காகப் பாவித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதலாம். நடுப்பங்கில்தான் மதூரோ இனிப்பு நன்றாகத் திறக்கும். கடைசிப் பங்கு உதட்டைச் சுடத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். நசுக்க வேண்டாம், சாம்பல் கிண்ணத்தில் சும்மா வைத்தால் தானே அணையும். நசுக்கினால் அந்த வாடை இரவு முழுக்க வீட்டில் நிற்கும்.