எக்ஸ்டென்ஷன் தானாக அணைந்துவிட்டதா? நீக்குவதற்கு முன் காரணத்தைப் பாருங்கள்

பிரவுசரில் கூடுதல் வசதிக்காக நாம் சேர்க்கும் சிறு நிரல்தான் எக்ஸ்டென்ஷன். அது திடீரென்று வேலை செய்யவில்லை என்றால் பலரும் அதை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். அணைந்து கிடக்கும் எக்ஸ்டென்ஷனின் அமைப்புகள் கணினியில் அப்படியேதான் இருக்கும். நீக்கினால் அவையும் சேர்ந்து அழிந்துவிடும்.

குரோமில் மேல் வலது மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தட்டி, எக்ஸ்டென்ஷன்ஸ், மேனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ் என்று போங்கள். சுவிட்ச் போட்டபடியே இருந்தால் எக்ஸ்டென்ஷன் அணையவில்லை, ஐகான்தான் மறைந்திருக்கிறது. மேலே உள்ள புதிர்த்துண்டுப் படத்தைத் தட்டி, குண்டூசிப் படத்தை (‘பின்’) அழுத்தினால் போதும். சுவிட்ச் அணைந்திருந்தால் ‘டீட்டெய்ல்ஸ்’ பக்கத்தைத் திறந்து அங்குள்ள எச்சரிக்கையைப் படியுங்கள். என்ன செய்வது என்பது அதைப் பொறுத்தது.

கூடுதல் அனுமதி கேட்கிறது என்றிருந்தால் அவசரப்பட்டு ஒப்புக்கொள்ள வேண்டாம். புதுப்பித்த பதிப்பு முன்பு இல்லாத அனுமதியைக் கேட்டால், நீங்கள் சம்மதிக்கும் வரை குரோம் அதை அணைத்து வைக்கும். (ஃபயர்ஃபாக்ஸ் பழைய பதிப்பையே ஓடவிட்டு உங்களைக் கேட்கும், எனக்கு அந்த முறைதான் நியாயமாகப் படுகிறது.) ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் கருவிக்கு எல்லாத் தளங்களின் தரவையும் படிக்க என்ன தேவை? எக்ஸ்டென்ஷன் கைமாறி, வாங்கியவர் அதில் வேவு நிரலைச் சேர்ப்பதும் நடக்கிறது. எக்ஸ்டென்ஷனை நிறுவிய குரோம் வெப் ஸ்டோர் கடைப் பக்கத்தில் டெவலப்பர் பெயர் மாறியிருந்தால் அனுமதி கொடுக்காதீர்கள்.

கோப்பு கெட்டிருக்கலாம் என்றால் ‘ரிப்பேர்’ பொத்தானை அழுத்துங்கள். வட்டில் உள்ள கோப்பு, கடையில் உள்ள மூலத்தோடு ஒத்துப்போகவில்லை என்று பொருள். மறுபடி மறுபடி வந்தால், ஏதாவது ஆன்டிவைரஸோ ‘கிளீனர்’ மென்பொருளோ அந்தக் கோப்புகளில் கை வைக்கிறதா என்று பாருங்கள்.

இனி ஆதரவு இல்லை என்றால் அது மேனிஃபெஸ்ட் வி2 விவகாரம், அதாவது பழைய விதிமுறைப்படி எழுதிய எக்ஸ்டென்ஷன்களின் பிரச்சினை. 2024 அக்டோபரில் இவற்றை அணைக்கத் தொடங்கிய குரோம், 138ஆம் பதிப்பில் திரும்பப் போடும் வழியையும் அடைத்தது. 139இல் நிறுவனங்களுக்கான விலக்கும் போனது. இணையத்தில் உலவும் குறுக்குவழிகளை நம்பி நேரத்தை வீணாக்க வேண்டாம். யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானை வைத்திருந்தவர்களுக்கு இரண்டு வழி உண்டு: குரோமிலேயே யூபிளாக் ஆரிஜின் லைட், அல்லது ஃபயர்ஃபாக்ஸில் முழுப் பதிப்பு. லைட்டில், எக்ஸ்டென்ஷன் முன்கூட்டிக் கொடுத்த விதிகளைக் கொண்டு தடுக்கும் வேலையை பிரவுசரே செய்வதால் வசதிகள் குறைவு. சொந்தமாக ஃபில்டர்கள் (எதைத் தடுக்க வேண்டும் என்ற விதிகள்) எழுதி வைத்திருப்பவர்களுக்கு ஃபயர்ஃபாக்ஸே மேல்.

மூன்று புள்ளி மெனுவின் அடியில் ‘மேனேஜ்டு பை யுவர் ஆர்கனைசேஷன்’ என்று இருந்தால், அலுவலகக் கணினி என்றால் நிர்வாகியிடம்தான் பேச வேண்டும். சொந்தக் கணினியில் அப்படித் தெரிந்தால் தீங்குநிரல் வேலையாக இருக்கலாம். முதலில் ஸ்கேன் செய்யுங்கள்.

ஃபயர்ஃபாக்ஸில் எல்லாமே ஒரே நேரத்தில் அணைந்தால், எக்ஸ்டென்ஷன்கள் அசல்தானா என்று சரிபார்க்க பிரவுசர் பயன்படுத்தும் டிஜிட்டல் சான்றிதழ் மீது சந்தேகப்படுங்கள். 2019 மே மாதம் ஒரு சான்றிதழ் காலாவதியாகி உலகெங்கும் ஆட்-ஆன்கள் (ஃபயர்ஃபாக்ஸில் எக்ஸ்டென்ஷன்களுக்கு வழங்கும் பெயர்) நின்றன. 2025 மார்ச் 14 அன்று இன்னொன்று காலாவதியானது. 128க்கு முந்தைய பதிப்புகளும், நீண்டகால ஆதரவுப் பதிப்பான இஎஸ்ஆரில் 115.13க்கு முந்தையவையும் பாதிக்கப்பட்டன. பிரவுசரைப் புதுப்பித்தால் சரியாகிவிடும்.

கடைசியாக, பிரவுசர் அமைப்புகளை ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோகும் ரீசெட். குரோமின் ரீசெட் எக்ஸ்டென்ஷன்களை அணைக்க மட்டுமே செய்யும். ஃபயர்ஃபாக்ஸின் ‘ரிஃப்ரெஷ்’ அவற்றை நீக்கியே விடும். பழைய தரவு டெஸ்க்டாப்பில் தனி ஃபோல்டராக விழும். அதை உடனே குப்பைக்கு அனுப்பிவிடாதீர்கள்.